சுமை ஏறும்போது விழும் லினக்ஸ் கெர்னல்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் சர்வர், இரவில் பேக்கப் தொடங்கியதும் விழுந்து, தானே எழுந்து நிற்கிறது. லாக்கைத் திறந்தால் விழுவதற்குச் சற்று முன்பு வரையிலான சாதாரண வரிகள் இருக்கின்றன. அவற்றை அடுத்து மறுதுவக்கத்தின் வரிகள் வந்துவிடுகின்றன. சுமை ஏறும்போது மட்டும் நிகழும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிராஷ் பெரும்பாலும் இப்படித்தான் தன் சுவட்டை அழித்துவிட்டுப் போகிறது. இத்தகைய தரவுத்தள சர்வர் ஒன்றோடு நீண்ட காலம் போராடிய பிறகு, முதன்முறையாக இதை எதிர்கொள்ளும் நிர்வாகிகள் அந்த அலைச்சலைத் தவிர்க்கவேண்டும் என்பதற்காகச் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஓடும் லினக்ஸை மனத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களையும் கோப்புகளின் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன்.

படிகளின் வரிசையை மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சான்றைப் பிடிக்கும் ஏற்பாடு முடிவதற்குள் அடுத்த கிராஷ் வந்துவிட்டால், அதற்கடுத்த கிராஷ் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது நாளைக்கும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம்.

1. விழுந்த விதத்தை வகைப்படுத்துங்கள்

"சர்வர் விழுந்துவிட்டது" என்று பயனர்கள் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கக்கூடும். எது நிகழ்ந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த படிகள் அமையும்.

முதல் வகை பேனிக். தொடர்ந்து ஓடுவது ஆபத்து என்று கெர்னலே முடிவு செய்து நின்றுவிடுகிறது. கெர்னல்.பேனிக் என்ற அமைப்பின் மதிப்பு 0 ஆக இருந்தால் அப்படியே நிற்கும். 10 என்று இருந்தால் 10 வினாடிகளில் மறுதுவக்கம் ஆகும். இரண்டாம் வகை ஊப்ஸ். கெர்னல் செல்லாத முகவரி ஒன்றைத் தொட்டுவிடுகிறது. அந்த வேளையில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸை மட்டும் கொன்றுவிட்டு மேலே தொடர முயல்கிறது. செத்த பிராசஸ் பிடித்திருந்த பூட்டுகளை விடுவிக்க யாரும் இல்லாததால், சில நிமிடங்கள் கழித்து முழுக் கணினியும் உறைந்துபோகலாம். மூன்றாம் வகை தொங்கிநிற்றல். ஒரு சிபியூ 20 வினாடிகளுக்கு மேல் கெர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வேறு எதையும் ஓடவிடாதிருந்தால் அது சாஃப்ட் லாக்கப். இன்டரப்டுகளையே (வன்பொருள் சிபியூவின் கவனத்தைக் கோரும் குறிகள்) சுமார் 10 வினாடிகள் ஏற்காதிருந்தால் ஹார்ட் லாக்கப். ஒரு பிராசஸ் டி நிலையில் (டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காகக் குறுக்கிட முடியாதபடி காத்திருக்கும் நிலை) 120 வினாடிகளைத் தாண்டினால் ஹங் டாஸ்க். இவை விநியோகங்களில் (ரெட் ஹாட், உபுண்டு போன்ற லினக்ஸ் வடிவங்கள்) இயல்பாகக் காணப்படும் அளவுகள். நான்காம் வகை எந்தச் செய்தியும் இல்லாத திடீர் ரீசெட். இதற்கு மின்சாரம், வெப்பம், நினைவகச் சில்லு, வன்பொருள் வாட்ச்டாக் (கணினி உறைந்தால் அதை மறுதுவக்கும் காவல் கடிகாரம்) ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாத ஒன்று, நினைவகம் தீர்ந்ததால் கெர்னல் ஒரு பிராசஸைக் கொல்வது. லாக்கில் "அவுட் ஆஃப் மெமரி" என்ற வரி இருந்து, கணினி தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால் கெர்னல் தன் கடமையைச் செய்திருக்கிறது என்றே பொருள். உங்கள் பயன்பாட்டின் நினைவக அளவைத்தான் அப்போது பார்க்கவேண்டும். இந்தக் கட்டுரை அதற்கானதன்று.

2. ஆவணங்களை முன்கூட்டியே திரட்டுங்கள்

உதவி கேட்டு யாரிடம் போனாலும் முதல் மடலிலேயே சில விவரங்களைக் கேட்பார்கள். கெர்னலின் முழுப் பதிப்பு எண், பூட் அடைவில் உள்ள அதன் கான்ஃபிக் கோப்பு, துவக்க அளவுருக்கள், ஏற்றப்பட்ட மாட்யூல்களின் (கெர்னலில் தேவைக்கேற்பச் சேரும் டிரைவர் போன்ற துண்டுகள்) பட்டியல், பயாஸ் பதிப்பு, நெட்வொர்க் அட்டை மற்றும் டிஸ்க் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் பதிப்புகள், பிஎம்சியில் (சர்வரைத் தனியே கண்காணிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள நிகழ்வுப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். ரெட் ஹாட் வகையில் எஸ்ஓஎஸ் அறிக்கை இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையில் திரட்டிவிடும். ஃபர்ம்வேர் பதிப்புகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுமையில் மட்டும் தோன்றும் கோளாறுகளில் அவைதான் அடிக்கடி கேட்கப்படும்.

அடுத்து, கிராஷ் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். நாள், நேரம், அப்போது ஓடிய வேலை, கடைசித் துவக்கத்திலிருந்து கணினி ஓடிய காலம் ஆகிய நான்கும் ஒவ்வொரு முறையும் எழுதப்படவேண்டும். ஓடிய காலத்தை எழுதிவைப்பதன் பயனுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2.6.32 காலத்துக் கெர்னல்களில் நேரக் கணக்கீட்டில் இருந்த ஒரு நிரம்பிவழிதல் பிழையால், சர்வர்கள் ஏறத்தாழ 208.5 நாட்கள் ஓடியபின் விழுந்தன. 2 இன் 54ஆம் அடுக்கு நானோ வினாடிகள் என்பது அந்த 208.5 நாட்கள்தான். சுமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிபட்டிருக்காது. ஓடிய நாட்களைக் குறித்துவைத்தவர்களுக்கு இரண்டாம் முறையே ஐயம் எழுந்திருக்கும்.

சுமையின் அளவீட்டையும் நெருக்கமாக்குங்கள். சிஸ்ஸ்டாட் தொகுப்பின் சார் கருவி இயல்பில் 10 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பதிகிறது. கிராஷுக்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் நினைவகம் சரிந்திருந்தால் அது உங்கள் கண்ணில் படவே படாது. 1 நிமிட இடைவெளிக்கு மாற்றுவதற்கு ஆகும் டிஸ்க் இடம் மிகச் சிறியது.

கெர்னல் "டெயின்ட்" (அதன் நடத்தையை முழுதும் நம்பமுடியாது என்பதன் குறி) ஆகியிருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். கெர்னல் அமைப்புகளின் கீழ் டெயின்டட் என்ற கோப்பில் 0 இருந்தால் கவலையில்லை. மூடிய உரிமமுள்ள மாட்யூல் இருந்தால் பி என்ற எழுத்தும், கெர்னல் மூலத்துக்கு வெளியே தொகுக்கப்பட்ட மாட்யூல் இருந்தால் ஓ என்ற எழுத்தும் கிராஷ் செய்தியில் தெரியும். அவை இருக்கும்வரை மூலக் கெர்னல் (விநியோகங்கள் எடுத்துக்கொள்ளும் அசல் கெர்னல்) உருவாக்குநர்கள் உங்கள் அறிக்கையை எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள். ஆகவே, அந்த மாட்யூல் இல்லாமலும் கிராஷ் வருகிறதா என்று சோதிக்க ஒரு வழியை யோசித்து வையுங்கள்.

3. வன்பொருளை முதலில் சந்தேகியுங்கள்

கெர்னல் குறியீட்டில் வாரக்கணக்கில் தேடியபின் நினைவகச் சில்லு பழுது என்று தெரியவருவதைவிட மனச்சோர்வு தருவது வேறில்லை. இந்தப் படிக்குச் செலவாவது ஒரு இரவு நேரம்தான்.

ராஸ்டீமன் என்ற சேவையை நிறுவி ஓடவிடுங்கள். திருத்தப்பட்ட நினைவகப் பிழைகளையும் மெஷின் செக் (சிபியூவே தெரிவிக்கும் வன்பொருள் பிழை) நிகழ்வுகளையும் அது பதிந்துவைக்கும். ஐபிஎம்ஐ டூல் (பிஎம்சியோடு பேசும் கருவி) மூலம் பிஎம்சியின் நிகழ்வுப் பதிவை எடுத்து, உங்கள் பதிவேட்டில் உள்ள கிராஷ் நேரங்களோடு ஒப்பிடுங்கள். பிஎம்சியின் கடிகாரம் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், வித்தியாசத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ கருவியை ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். அது நினைவகத்தை மட்டுமே சோதிக்கிறது. மின்வழங்கியின் தளர்ச்சியோ வெப்பமோ எல்லாச் சிபியூக்களும் டிஸ்குகளும் ஒருசேர முழுவேகத்தில் ஓடும்போதுதான் வெளிப்படும். அதற்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியைச் சில மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையைப் பதியுங்கள்.

நான் பின்பற்றும் ஒரு குறிப்பு: ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் கெர்னல் விழுந்து, தவறான முகவரி சரியான முகவரியிலிருந்து ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் சில்லின் மீதுதான் முதல் ஐயம் விழவேண்டும். ஒரே அழைப்புத் தடம் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து வந்தது என்ற பட்டியல்) மீண்டும் மீண்டும் வந்தால் மென்பொருளின் பக்கம் திரும்புங்கள்.

4. கேடம்ப்பை அமையுங்கள்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படி. கேடம்ப் என்பது இதுதான்: கெர்னல் விழும் நொடியில், முன்பே நினைவகத்தின் ஒரு மூலையில் ஏற்றி வைக்கப்பட்ட இரண்டாவது கெர்னல் ஒன்று கேஎக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்து நேரடியாக வேறொன்றைத் தொடங்கும் வசதி) வழியாக எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தை விஎம்கோர் என்ற கோப்பாக எழுதிவிட்டு மறுதுவக்கம் செய்கிறது. விழுந்த கெர்னலின் டிரைவர்களை நம்பவேண்டிய தேவை இல்லாததால்தான் இந்த முறை பயன்படுகிறது.

இதற்கான நினைவகத்தைக் கிராஷ்கெர்னல் என்ற துவக்க அளவுருவில் ஒதுக்கவேண்டும். ரெட் ஹாட் 8 வரை ஆட்டோ என்ற மதிப்பு செல்லுபடியானது. 9இல் அது நீக்கப்பட்டுவிட்டது. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு 9இன் இயல்பான அளவு, 1 முதல் 4 ஜிபி நினைவகத்துக்கு 192 எம்பி, 4 முதல் 64 ஜிபி வரை 256 எம்பி, அதற்கு மேல் 512 எம்பி. உபுண்டுவில் லினக்ஸ்-கிராஷ்டம்ப் தொகுப்பையும் டெபியனில் கேடம்ப்-டூல்ஸ் தொகுப்பையும் நிறுவவேண்டும். எந்த விநியோகமானாலும் ஒதுக்கீடு நடைமுறைக்கு வர ஒரு மறுதுவக்கம் தேவை; அதற்கான பராமரிப்பு நேரத்தை முன்பே வாங்கிவிடுங்கள். மறுதுவக்கத்துக்குப் பின் கேஎக்ஸெக்_கிராஷ்_லோடட் என்ற கோப்பில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். 0 இருந்தால் இரண்டாவது கெர்னல் ஏறவில்லை.

செலவுகளைப் பேசிவிடலாம். ஒதுக்கிய நினைவகம் வேறெதற்கும் பயன்படாது. டிஸ்கில், வார் அடைவுக்குள் உள்ள கிராஷ் அடைவுக்கு இடம் வேண்டும். மேக்டம்ப்ஃபைல் கருவிக்கு 31 என்ற நிலையைக் கொடுத்தால், பூச்சியப் பக்கங்கள், கேஷ், பயனர் தரவு, காலிப் பக்கங்கள் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கெர்னலின் சொந்தத் தரவை மட்டும் எழுதும். ஆனால் சுமை ஏறிய பெரிய சர்வரில் அந்தச் சொந்தத் தரவே பல ஜிபி வரை வளர்ந்திருக்கலாம். ரூட் கோப்புமுறைமையில் மிச்சமிருக்கும் கொஞ்ச இடத்தை நம்பாமல் தனிப் பகிர்வையோ, என்எஃப்எஸ் அல்லது எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினியையோ இலக்காகக் கொடுங்கள்.

நேரமும் ஒரு செலவுதான். நினைவகம் மிகுந்த கணினியில் டம்ப் எழுதி முடியப் பல நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சர்வர் செத்துவிட்டது என்று எண்ணிப் பவர் பட்டனை அழுத்திவிட்டால் எல்லாம் வீண். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு எழுத்து வடிவில் அறிவுறுத்தல் கொடுங்கள்: கன்சோலில் டம்ப் முன்னேறும் சதவீதம் தெரிந்தால் தொடவேண்டாம். மனிதர்களைப் போலவே இயந்திரங்களும் குறுக்கிடும். வன்பொருள் வாட்ச்டாக் இடையில் ரீசெட் செய்துவிடலாம். பேஸ்மேக்கர் கிளஸ்டரில் (ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் கணினிக் குழு) இருந்தால், பதில் தராத கணினியை மற்றக் கணினிகள் ஃபென்ஸ் செய்து (குழுவிலிருந்து விலக்கி) மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதைத் தவிர்க்கவே ஃபென்ஸ்_கேடம்ப் என்ற ஏஜென்ட் இருக்கிறது, அதை அமைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் இரண்டு பொறிகள் உண்டு. டிஸ்க் கன்ட்ரோலரையோ டம்ப் இலக்கையோ மாற்றினால், இரண்டாவது கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் ஏறும் டிரைவர்களின் தொகுப்பு) கோப்பையும் புதுப்பிக்கவேண்டும். இல்லையேல் கிராஷ் நேரத்தில் அதற்கு டிஸ்கே தெரியாது. அடுத்து, பல தடங்களுள்ள சேமிப்பகமும் நிறைய அட்டைகளும் கொண்ட கணினியில் இயல்பான ஒதுக்கீடு போதாமல், மீட்கவந்த கெர்னலே நினைவகமின்றி விழும். அப்படி நேர்ந்தால் ஒதுக்கீட்டை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

விஎம்கோரை வெளியே அனுப்புவதற்கு முன் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். பயனர் பக்கங்களை விலக்கியிருந்தாலும், கெர்னல் நினைவகத்தில் மறைகுறியாக்கத் திறவுகோல்களும் நெட்வொர்க் பாக்கெட்டுகளும் கோப்புப் பெயர்களும் இருக்கக்கூடும். இந்த அனுமதிக்குச் சில நிறுவனங்களில் வாரக்கணக்கில் ஆகிறது; ஆகவே கிராஷ் வருமுன்பே கேட்டுவைப்பது நல்லது.

5. வேண்டுமென்றே ஒருமுறை விழவையுங்கள்

சோதிக்காத கேடம்ப்பை நம்பவேண்டாம். பராமரிப்பு நேரத்தில் தரவுத்தளத்தை முறையாக நிறுத்தி, கோப்புமுறைமைகளை சிங்க் செய்துவிட்டு, சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை இடும் வழி) வசதியை 1 என இயக்கி, அதன் ட்ரிகர் கோப்பில் சி என்ற எழுத்தை எழுதுங்கள். கெர்னல் உடனே விழும். விஎம்கோர் கோப்பு வந்ததா, எவ்வளவு பெரியது, எழுத எவ்வளவு நேரம் எடுத்தது ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

இந்தச் சோதனையைச் சும்மா இருக்கும் சர்வரில் மட்டும் செய்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் பலர். நெட்வொர்க்கும் டிஸ்கும் முழுவேகத்தில் ஓடும்போது விழுந்தால் அட்டைகள் பாதி வேலையில் நிற்கும். அந்த நிலையிலிருந்து இரண்டாவது கெர்னலின் டிரைவர் அவற்றை மீட்டெடுக்கவேண்டும். உங்களுக்கு நேரப்போவது அந்த வகைக் கிராஷ்தான். ஆகவே செயற்கைச் சுமை ஏற்றியபடியே இரண்டாம் முறையும் விழவையுங்கள்.

6. தொங்குவதைப் பேனிக் ஆக மாற்றுங்கள்

கெர்னல் பேனிக் ஆனால்தான் டம்ப் கிடைக்கும். ஊப்ஸ் நேர்ந்தபின் ஊர்ந்துகொண்டிருக்கும் சர்வரிலிருந்தும், உறைந்துபோன சர்வரிலிருந்தும் தானாக எதுவும் கிடைக்காது. பேனிக்_ஆன்_ஊப்ஸ், சாஃப்ட்லாக்கப்_பேனிக், ஹார்ட்லாக்கப்_பேனிக் ஆகிய மூன்றையும் சிஸ்கன்ட்ரோல் வழியாக 1 ஆக்குங்கள். ஹங்_டாஸ்க்_பேனிக் மட்டும் எச்சரிக்கையோடு கையாளவேண்டியது. மெதுவான சேமிப்பகம் 120 வினாடிகள் தாமதித்துவிட்டுத் தானே மீண்டுவரக்கூடிய இடத்திலும் அது சர்வரை விழவைத்துவிடும். தேடல் நடக்கும் காலத்துக்கு மட்டும் அதை இயக்குங்கள்.

இவை எவற்றுக்கும் அசையாமல் உறைந்த சர்வருக்கு வெளியிலிருந்து என்எம்ஐ (சிபியூ புறக்கணிக்க முடியாத இன்டரப்ட்) அனுப்பவேண்டும். அதற்கு அன்னோன்_என்எம்ஐ_பேனிக் என்பதை முன்பே 1 ஆக்கியிருக்கவேண்டும். பிறகு ஐபிஎம்ஐ டூலில் சேஸி பவர் டயக் கட்டளை போதும். அமேசான் மேகத்தில் நைட்ரோ வகைக் கணினிகளுக்கு டயக்னாஸ்டிக் இன்டரப்ட் அனுப்பும் வசதி இருக்கிறது. கேவிஎம் மெய்நிகர் கணினியானால் ஹோஸ்டிலிருந்து (அதைத் தாங்கும் உண்மைக் கணினி) விர்ஷ் கட்டளை மூலம் என்எம்ஐ செலுத்தலாம். அல்லது கேடம்ப்பே இல்லாமல் நினைவகத்தை நேரடியாக டம்ப் செய்யலாம்.

மெய்நிகர் கணினிகளில் சாஃப்ட் லாக்கப் செய்தியைப் பார்த்ததும் கெர்னலைக் குற்றம் சொல்லவேண்டாம். ஹோஸ்டில் அளவுக்கு மீறிக் கணினிகளை அடுக்கியிருந்தால், உங்கள் சிபியூவுக்கு உண்மையான சிபியூ கிடைக்காமலே 20 வினாடிகள் கழிந்துவிடும். சார் அறிக்கையில் ஸ்டீல் (ஹோஸ்ட் வேறு கணினிகளுக்குக் கொடுத்துவிட்ட சிபியூ நேரம்) என்ற நெடுவரிசையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இந்த ஐயம் இருக்கும் கணினியில் சாஃப்ட்லாக்கப்_பேனிக்கை 1 ஆக்கவும் வேண்டாம்.

7. டம்ப் வராவிட்டாலும் கடைசி வரிகளைப் பிடியுங்கள்

கேடம்ப் சில வேளைகளில் தோற்கும். அப்போது கைகொடுப்பது கன்சோல் பதிவு. சீரியல் கன்சோலை 115200 வேகத்தில் அமைத்து, ஐபிஎம்ஐயின் எஸ்ஓஎல் (சீரியல் கன்சோலை நெட்வொர்க்கில் அனுப்பும் வசதி) வழியாக வேறொரு கணினியில் இடைவிடாது பதியுங்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. அந்த வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 11,500 எழுத்துகளே போகும். சுமையின் நடுவே ஆயிரக்கணக்கான வரிகள் குவிந்தால், அவற்றை அச்சிட்டுக்கொண்டிருக்கும் சிபியூவே சாஃப்ட் லாக்கப் ஆகிவிடலாம். எனவே கன்சோலுக்குப் போகும் செய்திகளின் நிலையைக் குறைத்து, முக்கியமானவை மட்டும் போகுமாறு வையுங்கள்.

நெட்கன்சோல், செய்திகளை யூடிபி பாக்கெட்டுகளாக அனுப்புகிறது. பெறும் கணினியின் இயல்பான போர்ட் 6666. விழுவது நெட்வொர்க் டிரைவரே என்றால் இது உதவாது. பிஸ்டோர் வசதி, லாக்கின் கடைசிப் பகுதியை யூஇஎஃப்ஐயின் நிலைத்த நினைவகத்தில் எழுதிவைக்கும். சிறிய அளவுதான் கிடைக்கும், ஆனால் பல நேரங்களில் அழைப்புத் தடம் அதற்குள் அடங்கிவிடும்.

8. டம்ப்பைத் திறந்து படியுங்கள்

விஎம்கோரைப் படிக்க, அதே கெர்னலின் டீபக் தகவலுள்ள விஎம்லினக்ஸ் கோப்பு வேண்டும். பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பயனில்லை. ரெட் ஹாட்டில் கெர்னல்-டீபக்இன்ஃபோ, உபுண்டுவில் டிபிஜிசிம், டெபியனில் டிபிஜி என்று முடியும் தொகுப்புகளில் அது கிடைக்கும். பதிவிறக்கமே நூற்றுக்கணக்கான எம்பி, விரித்தால் பல ஜிபி. பழைய பதிப்புகளின் டீபக் தொகுப்புகள் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கெர்னலையும் நிறுவும் நாளிலேயே அதன் டீபக் தொகுப்பையும் இறக்கி, தனியான ஆய்வுக் கணினி ஒன்றில் சேமியுங்கள்.

கிராஷ் என்ற பெயரிலேயே உள்ள கருவியில் விஎம்லினக்ஸ், விஎம்கோர் இரண்டையும் கொடுத்துத் திறந்ததும், முதலில் லாக் கட்டளையை இடுங்கள். அதில் கண்ணில் படும் கடைசி ஊப்ஸைப் பிடித்துக்கொள்ளாமல், மேலே போய் முதலில் நேர்ந்ததைத் தேடுங்கள். டெயின்ட் எழுத்துகளில் டி இருந்தால், இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நேர்ந்திருக்கிறது என்று பொருள். டபிள்யூ இருந்தால் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. முதல் ஊப்ஸுக்குப் பிந்தையவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

அந்த ஊப்ஸில் ஆர்ஐபி வரி, விழுந்த ஃபங்ஷனையும் அதற்குள் எத்தனையாவது பைட் என்பதையும் சொல்கிறது. தொட முயன்ற முகவரி சிஆர்2 பதிவகத்தில் இருக்கும். கீழே வரும் அழைப்புத் தடத்தில் கேள்விக்குறியிட்ட வரிகள் உறுதியற்றவை. அவற்றின் மீது கதை கட்டவேண்டாம். பிறகு பிடி கட்டளை விழுந்த பிராசஸின் தடத்தையும், அதோடு ஏ விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாச் சிபியூக்களிலும் அந்த நொடியில் ஓடியவற்றையும் காட்டும். சுமைக் கிராஷுகளில் இந்த இரண்டாவது காட்சிதான் விலைமதிப்புள்ளது: ஒரு பூட்டுக்காகப் பத்துச் சிபியூக்கள் காத்திருக்க, அதைப் பிடித்திருப்பது பதினோராவது என்பது அங்கேதான் தெரியும். கேமெம் கட்டளையை ஐ விருப்பத்தோடு இட்டால் நினைவகத்தின் மொத்த நிலையையும், டிஸ் கட்டளை எல் விருப்பத்தோடு மூலக் குறியீட்டின் வரி எண்ணையும் தரும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ட்ர்கன் என்ற கருவி இன்னும் வசதியானது.

சில முகவரிகள் தாமே பேசும். டெட் என்ற எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என முடியும் முகவரி தென்பட்டால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கிய உறுப்பை மீண்டும் யாரோ தொட்டிருக்கிறார்கள். 6பி என்ற பைட் வரிசையாக நிறைந்திருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஸ்லப் டீபக் (நினைவகத் துண்டுகளைச் சரிபார்க்கும் கெர்னல் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே இந்த அடையாளம் பதியும்.

9. விழுந்த இடத்தைக் குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கெர்னல் சிறு நினைவகத் துண்டுகளை அளவுவாரியான தொட்டிகளிலிருந்து வழங்குகிறது. 64 பைட் கேட்கும் நெட்வொர்க் டிரைவரும் 64 பைட் கேட்கும் கோப்புமுறைமையும் ஒரே தொட்டியிலிருந்து பெறக்கூடும். டிரைவர் ஒரு துண்டை விடுவித்துவிட்டு, அதை மறந்து மீண்டும் அதிலேயே எழுதினால், அதற்குள் அத்துண்டு கோப்புமுறைமையின் கைக்குப் போயிருக்கலாம். விழுவது கோப்புமுறைமை, தடத்தில் டிரைவரின் பெயரே இருக்காது.

சுமை இல்லாத நேரத்தில் விடுவிக்கப்பட்ட துண்டு நெடுநேரம் யாருக்கும் வழங்கப்படாமல் கிடப்பதால், அதே பிழை நிகழ்ந்தும் தீங்கின்றிப் போய்விடுகிறது. சுமை ஏறும்போது அது அடுத்த நொடியே வேறொருவர் கைக்குப் போகிறது. சுமை செய்யும் மற்ற வேலைகளும் உண்டு. நினைவகம் நெருக்கும்போது இன்டரப்டுக்குள் கேட்கப்படும் ஒதுக்கீடுகள் தோல்வியடையும். அந்தத் தோல்வியைக் கையாளும் குறியீடு சாதாரண நாட்களில் ஓடுவதே இல்லை, அதனால் அங்கே பிழைகள் தங்கியிருக்கும். நினைவக மீட்பு, கோப்புமுறைமை, நெட்வொர்க் சேமிப்பகம் என்று அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஆழமாகப் போனால் கெர்னல் ஸ்டாக் நிரம்பலாம். 2014இல் வந்த 3.15 பதிப்பிலிருந்து 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் இந்த ஸ்டாக் 16 கேபி, 2016இன் 4.9 பதிப்பில் சேர்ந்த காவல் பக்க வசதி இயங்கினால் நிரம்பியதைத் தெளிவாகச் சொல்லும், இல்லையேல் அண்டை நினைவகம் அமைதியாகக் கெடும்.

எனவே ஒரே டம்ப்பைக் கொண்டு யாரையும் குற்றம்சாட்டாமல், குறைந்தது மூன்று டம்ப்புகள் சேரும்வரை பொறுத்திருங்கள். விழுந்த இடங்கள் வேறுபட்டாலும், கெட்டுப்போன துண்டின் அளவு ஒன்றாக இருக்கிறதா, அதற்குள் கிடக்கும் அந்நியத் தரவு ஒரே வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்ட துண்டுக்குள் ஒரு நெட்வொர்க் முகவரியைப் பார்த்துவிட்டால், தேடவேண்டிய திசை கிடைத்துவிட்டது.

10. சுமையை ஆய்வகத்தில் உருவாக்குங்கள்

அதே மாடல் கணினி, அதே ஃபர்ம்வேர், அதே கெர்னல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. டிஸ்குக்கு ஃபியோ, நெட்வொர்க்குக்கு ஐபெர்ஃப்3, நினைவகத்துக்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி ஆகியவற்றைத் தனித்தனியே ஓட்டாமல் ஒருசேர ஓட்டுங்கள். இத்தகைய பிழைகள் அமைப்புகள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில்தான் வெளிப்படுகின்றன. மெம் என்ற துவக்க அளவுருவால் கணினியின் நினைவகத்தைக் குறைத்துக் காட்டினால் நெருக்கடி விரைவில் வரும்.

பிழை மீண்டும் நிகழத் தொடங்கியதும் கண்காணிப்புக் கருவிகளைச் சேருங்கள். ஸ்லப்_டீபக்கை எல்லாத் தொட்டிகளுக்கும் இயக்காமல், சந்தேகமுள்ள தொட்டிக்கு மட்டும் இயக்கினால் வேகக் குறைவைத் தாங்கிக்கொள்ளலாம். 2015இல் 4.0 பதிப்பில் வந்த காசான், தவறான நினைவகத் தொடுகை ஒவ்வொன்றையும் அது நிகழும் நொடியிலேயே பிடித்து, விடுவித்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும். விலையாக நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கையும் கணிசமான வேகத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்கெனக் கெர்னலைத் தொகுக்கவும் வேண்டும். வேகம் மாறுவதால் நேரப் போட்டியைச் சார்ந்த பிழைகள் மறைந்துவிடலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.

உற்பத்திச் சர்வரில் மட்டுமே பிழை வருகிறது என்றால் கேஃபென்ஸ்தான் என் பரிந்துரை. 2021இல் 5.12 பதிப்பில் வந்த இது, இயல்பில் 100 மில்லிவினாடிக்கு ஓர் ஒதுக்கீட்டை மட்டும் காவல் பக்கங்களுக்கு நடுவே வைத்துக் கண்காணிக்கிறது. இயல்பான அமைப்பில் ஏறத்தாழ 2 எம்பி நினைவகம் மட்டுமே செலவாகும். ஒரே சர்வரில் பிடிபட நாளாகலாம். ஒரே வகையான பல சர்வர்களில் இயக்கினால் வாய்ப்பு பெருகும். பூட்டுகளின் வரிசைச் சிக்கலுக்கு லாக்டெப், தரவுப் போட்டிக்குக் கேசிசான் ஆகியவை ஆய்வகக் கணினிக்கு உரியவை.

11. பதிப்பை மாற்றிச் சோதித்து, பிறகு அறிக்கை எழுதுங்கள்

உங்கள் விநியோகத்தின் புதிய கெர்னலிலும், பிறகு மூலக் கெர்னலின் புதிய பதிப்பிலும் சோதியுங்கள். புதியதில் பிழை வரவில்லை என்றால் திருத்தம் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆனால் "வரவில்லை" என்று எப்போது சொல்லலாம்? கிராஷுகளுக்கு இடையிலான சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் ஓடியும் விழாதிருந்தால், பிழை இன்னும் இருந்தும் தற்செயலாகத் தப்பித்திருக்க ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பே உண்டு. நிர்வாகம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்தக் காலத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளவேண்டாம்.

பழைய பதிப்பில் இல்லாத பிழை புதியதில் வந்திருந்தால் கிட் பைசெக்ட் (மாற்றங்களின் வரிசையைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கருவி) மூலம் காரணமான மாற்றத்தை நெருங்கலாம். 10,000 மாற்றங்களுக்கு நடுவே தேட ஏறத்தாழ 14 சுற்றுகள் போதும். ஆனால் கிராஷ் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருவதானால், மேலே சொன்ன கணக்குப்படி ஒரு நல்ல கெர்னலை நல்லது என்று உறுதிசெய்ய ஆறு நாட்கள் வேண்டும். 14 சுற்றுகளும் அப்படியே ஆனால் 84 நாட்கள். இரண்டு மணி நேரத்தில் விழவைக்க உங்களால் முடிந்தால் அது நான்கு நாட்களுக்குள் சுருங்கிவிடும். பத்தாம் படியில் செலவிடும் உழைப்பு இங்கேதான் திரும்பி வருகிறது.

அறிக்கையை விநியோகத்தின் கெர்னலுக்கு எழுதுவதானால் விநியோகத்தாரிடமும், டெயின்ட் இல்லாத மூலக் கெர்னலுக்கு எழுதுவதானால் அந்தப் பகுதியின் பராமரிப்பாளரிடமும் அனுப்பவேண்டும். கெர்னல் மூலத்தோடு வரும் கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சரியான முகவரிகளைத் தரும். அழைப்புத் தடத்தை டிகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் வழியாக வரி எண்களாக்கி, வெட்டாமல் முழுமையாக இணையுங்கள். திரையின் புகைப்படத்தை அனுப்பவேண்டாம். மடல் எளிய உரையாக இருக்கட்டும்; ஹெச்டிஎம்எல் மடல்களைக் கெர்னல் மடற்குழுக்கள் ஏற்பதில்லை. எந்தப் பதிப்பு வரை சரியாக ஓடியது, எதிலிருந்து விழுகிறது, எத்தனை மணி நேரச் சுமையில் விழுகிறது, எந்தக் கட்டளைகளால் அதை மீண்டும் நிகழ்த்தலாம் என்ற நான்கையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

திருத்தம் கிடைத்து உற்பத்திச் சர்வரில் ஏற்றியபின் ஸ்லப்_டீபக், ஹங்_டாஸ்க்_பேனிக் போன்ற தற்காலிக அமைப்புகளை நீக்கிவிடுங்கள்; கேடம்ப்பையும் பிஸ்டோரையும் நிரந்தரமாக விட்டுவையுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும், கேஎக்ஸெக்_கிராஷ்_லோடட் 1 எனக் காட்டுகிறதா, அந்தப் பதிப்பின் டீபக் தொகுப்பு ஆய்வுக் கணினிக்கு வந்துவிட்டதா என்ற இரண்டையும் உங்கள் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.